ஒரே கிளிக்கில் ஒரு முகம்

வெள்ளைக் கோட்டு, டை, தடித்த பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி, கோட்டுப் பையில் பேனா. இத்தனை மிடுக்கோடு நிற்கும் ஓர் இளைஞர் கையில் ஒற்றைப் பூவைப் பிடித்திருக்கிறார். காம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அந்த நீண்ட விரல்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. 1950களின் இறுதியில், மேற்கு ஆப்பிரிக்காவின் பமாக்கோ நகரில் செய்டூ கெய்ட்டா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. முகப்படக் கலையில் இதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த படங்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வந்த வாடிக்கையாளருக்காக எடுத்தது என்பதுதான் இதன் பெருமை. ஒரு சின்ன ஸ்டுடியோவின் வரவு செலவுக் கணக்கும் அதன் நெருக்கடிகளுமே கெய்ட்டாவின் கலையை வார்த்தெடுத்தன என்பது என் துணிபு.

கெய்ட்டா பிறந்தது 1921 வாக்கில். பமாக்கோ இருக்கும் நாட்டுக்கு அப்போது பிரெஞ்சு சூடான் என்று பெயர். 1960இல் விடுதலை பெற்று மாலி ஆனது. பள்ளிக்கூடம் போகாத கெய்ட்டா, குடும்பத் தொழிலான தச்சு வேலையைக் கற்றார். 1935இல் செனகலுக்குப் போய் வந்த தந்தையின் சகோதரர் ஒரு கோடாக் பிரவுனி கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டாரையும் தெரிந்தவர்களையும் எடுத்துப் பழகினார். போட்டோ சாமான்கள் விற்ற பியர் கார்னியே என்ற பிரெஞ்சுக்காரரிடமும், பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே படம் எடுத்த மூன்டாகா டெம்பெலேயிடமும் கழுவும் வேலையையும் பிரிண்ட் போடும் வேலையையும் தெரிந்துகொண்டார். 1948இல் தம் வீட்டிலேயே ஸ்டுடியோ திறந்தார். நகரச் சிறைக்கு அருகே இருந்தது அந்த வீடு. ரயில் நிலையமும் தொலைவில் இல்லை. ஊருக்கு வந்து போகிறவர்களும் வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

அவருடைய முக்கியமான கேமரா 13க்கு 18 சென்டிமீட்டர் நெகட்டிவ் தரும் பெரிய கேமரா. அதில் படம் எடுக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்பக்கக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்து ஃபோகஸ் செய்து, லென்சை மூடி, அதே இடத்தில் நெகட்டிவைச் செருக வேண்டும். செருகிவிட்டால் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது. துணிக்கு வெளியே வந்து, எதிரில் இருப்பவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே ஷட்டரை அழுத்த வேண்டும். கெய்ட்டாவின் படங்களில் இருப்பவர்கள் இன்னொரு மனிதரைப் பார்ப்பதுபோல் பார்ப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நெகட்டிவ் விலை அதிகம். ஆகவே ஒருவருக்கு ஒரே கிளிக் என்பது அவர் வழக்கம். இன்னொன்று எடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் வேலை முழுவதையும் கிளிக்குக்கு முன்பே முடித்தாக வேண்டும். எந்தப் பக்கம் திருப்பி உட்கார வைப்பது, தோளை எவ்வளவு சாய்ப்பது, கை எங்கே இருப்பது என்று எல்லாவற்றையும் அவரே அமைத்தார். உடலைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து எடுத்த மார்பளவுப் படங்கள் அவர் கைவண்ணத்துக்குச் சான்று. நீண்ட விரல்கள் அந்த ஊரில் அழகின் அடையாளம். அதனால் பெண்களின் கைகள் படத்தில் முகத்துக்கு இணையான இடம் பெறுகின்றன. விளக்கு வைத்தும் எடுப்பார் என்றாலும் முற்றத்துப் பகல் வெளிச்சம்தான் அவருக்குப் பிடித்தது. அந்த வெளிச்சம் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பின்னணித் திரையாக முதலில் தொங்கவிட்டது தம் கட்டில் விரிப்பை. ஓரத்துக் குஞ்சம்கூடச் சில படங்களில் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துணி மாறியது: கொடிக்கோலம் போட்டது, பூப்போட்டது, பிறகு வெறும் சாம்பல் நிறம். வாடிக்கையாளரோ பூவும் கட்டமுமாக அச்சிட்ட உடையில் வந்து நிற்கிறார். உடையின் கோலமும் துணியின் கோலமும் ஒன்றோடொன்று கலந்து படம் முழுக்க அலையடிக்க, நடுவே முகமும் கையும் மட்டும் அமைதியாக எழும்பி நிற்கின்றன. கட்டம் போட்ட விரிப்பின் மேல் ஒரு பெண் ஒருக்களித்துச் சாய்ந்திருக்கும் படம் இந்த வகையில் உச்சம். அந்தத் துணிகள் இன்னொரு விதத்திலும் உதவின. தேதி குறிக்காத நெகட்டிவ்கள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்பதைப் பிற்காலத்தில் பின்னணியைப் பார்த்தே அவர் சொன்னார்.

ஸ்டுடியோவில் கோட்டு, டை, தொப்பி, பேனா, பிளாஸ்டிக் பூ, ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் தயாராக இருக்கும். வேண்டியதை வாங்கி அணிந்துகொள்ளலாம், ஏறி உட்காரலாம். நம்மூர் ஸ்டுடியோக்களிலும் கோட்டு மாட்டியிருந்தது உண்டு. இரவல் கோட்டில் நிற்பதைப் போலிப் பகட்டு என்று தள்ளிவிடுவது தவறு. தான் எப்படி இருக்க விரும்புகிறேன் என்பதும் ஒருவரைப் பற்றிய உண்மைதான். சுவரில் மாதிரிப் படங்களை மாட்டிவைத்து, எந்த போஸ் வேண்டும் என்று கேட்டார். பிறகு எது பொருந்தும் என்பதைத் தாம் முடிவு செய்தார். வாடிக்கையாளரின் ஆசைக்கும் கலைஞரின் கண்ணுக்கும் நடுவே நடந்த இந்தப் பேரம்தான் ஸ்டுடியோ தொழிலின் உயிர். முடிந்த பிரிண்டின் பின்புறம் தம் பெயரும் முகவரியும் கொண்ட முத்திரையைக் குத்திக் கொடுத்தார். கைமாறிய ஒவ்வொரு படமும் அடுத்த ஆளை அழைத்து வந்திருக்கும்.

1960களின் தொடக்கத்தில் அரசாங்கப் புகைப்படக்காரராக அழைக்கப்பட்டார், ஸ்டுடியோ மூடப்பட்டது. 1991இல் நியூயார்க்கில் அவருடைய சில படங்கள் பெயர் தெரியாத கலைஞருடையவையாகக் காட்டப்பட்டன. அதன்பின் பிரான்சிலிருந்து ஆந்த்ரே மன்யான் என்ற கண்காட்சி அமைப்பாளர் பமாக்கோவுக்குப் போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1994இல் பாரிசின் கார்ட்டியே அறக்கட்டளை அவர் படங்களைப் பெரிதாக்கிக் காட்சிக்கு வைத்தது. நெகட்டிவின் அளவிலேயே போட்டுக் கொடுத்த கைக்கடக்கமான படங்கள் சுவரளவுக்கு விரிந்தபோதும் ஒரு நூலிழைகூட மங்கவில்லை. 2001இல் அவர் காலமானார்.

இன்று கேமரா வாங்கி ஸ்டுடியோ போட நினைக்கும் இளைஞர்களுக்குக் கெய்ட்டாவின் படங்களைத்தான் முதலில் காட்டுவேன். நூறு கிளிக் இலவசமாகக் கிடைக்கிற காலம் இது. ஆனாலும் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, ஒன்றுதான் எடுக்கப்போகிறேன் என்று தீர்மானித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் முகம், கை, துணி, வெளிச்சம் ஒவ்வொன்றும் அப்போதுதான் கண்ணில் படும். எடுத்துக் கொடுத்த படத்தை வாடிக்கையாளர் பெருமையோடு வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும், அதிலேயே நம் முழுத் திறமையும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்கும் தொழில் எதுவோ அது பெரிய தொழில்.