காலாவதி இல்லாத எச்சரிக்கை

பயங்கரவாத அச்சுறுத்தல் குறித்து அரசு விடுக்கும் எச்சரிக்கைகளைப் பொதுமக்கள் பொருட்படுத்துவதில்லை என்ற குறை அதிகாரிகளின் பேட்டிகளிலும் நாளிதழ்த் தலையங்கங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் தவறாமல் ஒலிக்கிறது. அதற்குத் துணையாக, எச்சரிக்கைக்குப் பின் அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லை என்றால் அதுவே எச்சரிக்கையின் வெற்றி என்ற வாதமும் முன்வைக்கப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரத்தில் அரசு எப்போதும் விழித்திருக்கிறது, மக்கள் எப்போதும் உறங்குகிறார்கள். அந்தச் சித்திரம் பிழையானது என்பதை, ஆண்டுதோறும் பல லட்சம் பேர் கூடும் திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவை வைத்தே காட்ட முடியும்.

1992-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6-ஐ ஒட்டித் தமிழகக் காவல்துறை ஒவ்வோர் ஆண்டும் ரயில் நிலையங்களிலும் பெரிய கோயில்களிலும் பாதுகாப்பைப் பலப்படுத்துகிறது. கார்த்திகைத் தீபமும் ஏறத்தாழ அதே பருவத்தில் வருவதால் இரண்டு ஏற்பாடுகளும் திருவண்ணாமலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. 2022-இல் மகாதீபமே டிசம்பர் 6 அன்று ஏற்றப்பட்டது. கோபுர வாயில்களில் உலோகம் கண்டறியும் நுழைவுச் சட்டகங்கள் நிறுத்தப்படுகின்றன, வெடிகுண்டு தடுப்புப் பிரிவினர் மோப்ப நாயுடன் பிராகாரங்களைச் சுற்றிவருகிறார்கள், லாட்ஜ்களின் பதிவேடுகள் புரட்டப்படுகின்றன. அதிகாலைப் பரணி தீபத்துக்கும் மாலை ஆறு மணி மகாதீபத்துக்கும் வருகிற கூட்டமோ பைகளைத் திறந்து காட்டிவிட்டு, அச்சமும் இல்லாமல் ஆர்வமும் இல்லாமல், தரிசன வரிசையின் இன்னொரு திருப்பத்தைக் கடப்பதுபோல் அதைக் கடந்து செல்கிறது. இந்த அமைதியைத்தான் அலட்சியம் என்கிறார்கள்.

இந்த நடைமுறைக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோயில்களுக்கு ஆபத்து என்பது கற்பனை அல்ல: 2002-இல் காந்திநகர் அக்ஷர்தாம், 2006-இல் வாரணாசி சங்கட மோசன் கோயில் ஆகியவற்றின்மீது நடந்த தாக்குதல்கள், 2022 அக்டோபர் 23 அன்று கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசலில் வெடித்த கார் ஆகியவை அதற்குச் சான்று. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளுக்கு 58 உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் இது. கண்ணுக்குத் தெரியும் காவல் குற்றவாளியைத் தயங்க வைக்கும் என்பதும், உளவுத் தகவலின் மூலத்தை வெளியிட்டால் அந்த மூலமே அழிந்துவிடும் என்பதும் ஏற்கத்தக்கவையே. சோதனை தேவையா என்பதில் இங்கு விவாதம் இல்லை. சோதனையோடு சேர்த்து மக்களை நோக்கி விடப்படும் எச்சரிக்கையின் தன்மைதான் விவாதத்துக்கு உரியது.

அந்த எச்சரிக்கையின் பெருங்குறை, அதற்கு முடிவு நாள் கிடையாது என்பதாகும். 2019 ஆகஸ்டில், ஒரு பாகிஸ்தானியர் உட்பட லஷ்கர்-இ-தொய்பாவைச் சேர்ந்த ஆறு பேர் இலங்கை வழியாகத் தமிழகத்துக்குள் ஊடுருவியிருப்பதாகத் தகவல் வந்ததை அடுத்துக் கோவையிலும், ஆண்டுத் திருவிழாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளாங்கண்ணியிலும், மாநிலத்தின் பிற நகரங்களிலும் உச்சகட்ட உஷார்நிலை அறிவிக்கப்பட்டது. அது தொடங்கிய நாளை நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். முடிந்த நாளுக்கு அப்படியொரு தலைப்புச் செய்தி கிடையாது. கேரளத்தில் பிடித்து விசாரிக்கப்பட்ட ஒருவர் விடுவிக்கப்பட்டார்; அந்த ஆறு பேர் உண்மையில் வந்தார்களா, வந்து திரும்பினார்களா, தகவலே பிழையா என்பவை, முதல் செய்தி எட்டிய வீச்சில் மக்களை எட்டவேயில்லை. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், தமிழகம் உள்ளிட்ட தென்மாநிலங்களில் ரயில்களில் தாக்குதல் நடக்கப்போவதாகப் பெங்களூருக் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னவர் பொய் சொன்னார் என்று கண்டறியப்பட்டுக் கைது செய்யப்பட்டார். அந்த எச்சரிக்கைக்கு மட்டும் ஒரு முடிவுரை கிடைத்தது. அதுவும் அது புரளியாக இருந்ததால்தான் கிடைத்தது.

மக்களின் மெத்தனத்தை விளக்கப் ‘புலி வருது’ கதையை எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்த ஒப்புமை அரசுக்குக் கூடுதல் சலுகை காட்டுகிறது. கதையில் ஊரார் ஓடிவந்து பார்க்கிறார்கள். புலி இல்லை என்பதைத் தங்கள் கண்ணாலேயே கண்டபின்தான் நம்பிக்கை இழக்கிறார்கள். இங்கே புலி வந்ததா, வரவில்லையா, வந்து விரட்டப்பட்டதா என்பதை ஊருக்குச் சொல்வாரே இல்லை. பொய்யென்று தெரிந்த எச்சரிக்கையை மறுக்கலாம், மெய்யென்று தெரிந்ததை நம்பலாம். இரண்டில் எதுவென்று சரிபார்க்க வழியில்லாத எச்சரிக்கையோடு ஒரு சாதாரண மனிதர் செய்யக்கூடியது அதைத் தன் அன்றாடத்தின் ஒரு பகுதியாக்கிக்கொள்வது மட்டுமே. திருவண்ணாமலைக் கூட்டம் செய்வது இதைத்தான்.

எச்சரித்ததால்தான் எதுவும் நடக்கவில்லை என்ற வாதம் இந்த இடத்தில்தான் சரிகிறது. ஒரு கூற்றைப் பொய்ப்பிக்க எந்த நிகழ்வாலும் இயலாது என்றால் அதை மெய்ப்பிக்கவும் எந்த நிகழ்வாலும் இயலாது என்பது தருக்கத்தின் பாலபாடம். தாக்குதல் நடக்கவில்லை என்றால் எச்சரிக்கை வென்றது; நடந்துவிட்டால் எச்சரித்தோம், கேட்கவில்லை. கோவைக் கார் வெடிப்புக்குப் பின் நிகழ்ந்தது இந்த இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அக்டோபர் 18 அன்றே ஒன்றிய உள்துறையிலிருந்து எச்சரிக்கை வந்தும் மாநில அரசு கோட்டைவிட்டது என்று அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை குற்றம் சாட்டினார். அது எல்லா மாநிலங்களுக்கும் வழக்கமாக அனுப்பப்படும் பொதுச் சுற்றறிக்கை, அதில் கோவையைப் பற்றி எதுவும் இல்லை என்று காவல்துறை மறுத்தது. இருதரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சும் உண்மை ஒன்று உண்டு: எல்லா மாநிலங்களுக்கும் செல்லும் எச்சரிக்கை எந்த மாநிலத்தையும் காப்பதில்லை என்பதைக் காவல்துறையே தன் மறுப்பின் வழியாக ஒப்புக்கொண்டது. அந்த வெடிப்பில் இறந்த நபர் 2019-இலேயே தேசியப் புலனாய்வு முகமையால் விசாரிக்கப்பட்டவர் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்காணிக்கப்பட வேண்டியவரின் முகவரி ஆவணங்களில் இருந்தது. எச்சரிக்கையோ நாடு முழுமைக்கும் பொதுவாக இருந்தது.

இலங்கையின் 2019 ஈஸ்டர் தாக்குதலை இதற்கு எதிராகக் காட்டுவோர் உண்டு. எச்சரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சிக்கடையும் நீர்கொழும்பும் மட்டக்களப்பும் சாட்சி என்பார்கள். ஆனால் அங்கே மறைக்கப்பட்டது பொத்தாம்பொதுவான உஷார்நிலை அன்று. இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4-லேயே தகவல் கொடுத்திருந்தது. ஏப்ரல் 11 தேதியிட்ட காவல்துறைக் கடிதத்தில் அமைப்பின் பெயர், தலைவனின் பெயர், கத்தோலிக்கத் தேவாலயங்கள் என்ற இலக்கு எல்லாம் இருந்தன. அது அதிகாரிகளின் மேசைகளைத் தாண்டவில்லை. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேனவையே 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. குறிப்பான தகவல் இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்கான விலை அது. குறிப்பில்லாத தகவலை மக்கள்மீது பொழிவதற்கான சான்றாக அதைக் கொள்வது, நோயாளிக்கு உரிய மருந்து தராததால் நேர்ந்த சாவைக் காட்டி ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரையை வழங்குவதை ஒக்கும்.

முடிவு நாள் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அன்று. அமெரிக்கா 2002 மார்ச்சில் பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற ஐந்து நிறங்களில் அச்சுறுத்தல் அளவை அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்பது ஆண்டுகளில் நாடு தழுவிய நிலை ஒருமுறைகூட மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. பச்சையும் நீலமும் பலகையில் மட்டுமே இருந்தன. 2003 பிப்ரவரியில் ஆரஞ்சு நிலை அறிவிக்கப்பட்டு, இரசாயனத் தாக்குதலுக்கு எதிராக வீட்டில் ஒட்டுநாடாவும் பிளாஸ்டிக் விரிப்பும் வைத்திருக்குமாறு சொல்லப்பட்டபோது கடைகளில் அவை தீர்ந்துபோயின, அத்துடன் அரசு நாடெங்கும் கேலிக்கு உள்ளானது. 2011-இல் அந்த முறை கைவிடப்பட்டு, ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் காலாவதித் தேதி குறிக்கப்பட வேண்டும் என்ற விதியோடு புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2006 முதல் அச்சுறுத்தல் நிலை வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. 2017 மே மாதம் மான்செஸ்டர் தாக்குதலுக்குப் பின் உச்ச நிலைக்கு உயர்த்தப்பட்டபோது, சில நாள்களிலேயே அது குறைக்கப்பட்டதும் அதே வெளிப்படைத் தன்மையோடு சொல்லப்பட்டது. நிறைகுறைகள் எவையாயினும், தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை அங்குள்ள குடிமகன் அறிய முடியும். இந்தியாவில் மக்களுக்கென அறிவிக்கப்படும் அப்படியொரு படிநிலையே இல்லை.

இத்தனைக்கும் முறையான எச்சரிக்கை எப்படி இருக்கும் என்பது திருவண்ணாமலை அறியாததல்ல. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அதன்பின் நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தனர். டிசம்பர் 13 அன்று நடைபெறவிருந்த மகாதீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. முந்தைய ஆண்டுகளில் 2,500 பேருக்கு அனுமதி இருந்த, பலருக்கு நேர்ச்சையாகவே இருந்த ஒரு வழக்கம் அது. என்ன ஆபத்து, எந்த இடத்தில், யார் ஆராய்ந்து சொன்னார்கள், எந்த நாளுக்கு, மக்கள் எதைச் செய்யக் கூடாது என்ற ஐந்தும் அந்த அறிவிப்பில் இருந்தன. வருத்தம் இல்லாமல் இல்லை. ஆயினும் 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்பட்டதைக் கூட்டம் கீழே நின்று வணங்கியது. வானிலை ஆய்வு மையத்தின் நிற எச்சரிக்கைகளும் அப்படிப்பட்டவையே: சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்று பொருள், அதற்கு மாவட்டமும் தேதியும் உண்டு, மறுநாள் மழைமானி அதன் மெய்ம்மையைச் சொல்லிவிடும். கணிப்பு தவறினால் வானிலை அதிகாரிகள் வசை கேட்கிறார்கள். பயங்கரவாத எச்சரிக்கை விடுப்பவர்களுக்கு அந்த இக்கட்டு ஒருபோதும் நேர்வதில்லை.

பெருங்கூட்டத்தில் தெளிவற்ற அச்சம் என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். 2005 ஆகஸ்ட் 31 அன்று பாக்தாதில் புனிதத்தலம் நோக்கிச் சென்ற யாத்திரிகர்கள் நிறைந்த பாலத்தில், தற்கொலைக் குண்டுதாரி புகுந்துவிட்டான் என்ற வதந்தி பரவியதில் ஏற்பட்ட நெரிசலில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலத்தில் குண்டு எதுவும் வெடிக்கவில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவெல்லாம் நெருங்கி நடக்கும் கூட்டத்துக்கு, அம்மணி அம்மன் கோபுர வாயில் அருகே அடைபட்டு நிற்கும் கூட்டத்துக்கு, அப்படியொரு வதந்தி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, யாரிடம் கேட்டு உறுதி செய்வது, எந்த ஒலிபெருக்கியை நம்புவது என்பது எச்சரிக்கைகளில் முதலிடம் பெற வேண்டிய செய்தி. சந்தேகத்துக்கு இடமான பொருளைத் தொடாதீர்கள் என்ற பொதுவான வாசகம் அந்த இடத்தை நிரப்பாது. தோளில் மூட்டையும் கையில் குழந்தையுமாக வெளியூரிலிருந்து வந்தவர்கள் பாதையோரம் படுத்திருக்கும் ஊரில் சந்தேகத்துக்கு இடமில்லாத பொருள் எது?

அந்தத் தெளிவின்மையின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதுமில்லை. கிரிவலப் பாதையில் படுத்துறங்கும் சாமியார்களிடம் அடையாளச் சோதனை நடக்கிறது, லாட்ஜில் அறை கேட்கும் முஸ்லிம் இளைஞரின் அடையாள அட்டை இருமுறை புரட்டப்படுகிறது, இலங்கைத் தமிழ் வழக்கில் பேசுபவரிடம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. ஊடுருவியவர்கள் யார் என்று சொல்லாத எச்சரிக்கை, யாரைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்பதைச் சமூகத்தின் பழைய முன்முடிவுகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. எச்சரிக்கை திரும்பப் பெறப்படாததால் அந்தச் சந்தேகமும் திரும்பப் பெறப்படுவதில்லை.

ஆகவே இன்றைய வடிவில் இந்த எச்சரிக்கைகள் மக்களுக்காக விடப்படுவன என்று கொள்வதே கடினம். அவை நிர்வாகம் தனக்குத் தானே வாங்கிவைத்துக்கொள்ளும் முன்ஜாமீன். நாளை ஏதேனும் நேர்ந்தால் நீட்டிக் காட்டுவதற்கான தாள். 2024 முதல் பள்ளிகள், விமானங்கள், அரசு அலுவலகங்கள், நடிகர்களின் வீடுகள் என்று மின்னஞ்சல் மிரட்டல்கள் பெருகி, ஒவ்வொன்றும் புரளியாக முடிந்துகொண்டிருக்கும் காலத்தில் இது முன்னிலும் ஆபத்தானது. அந்தப் புரளிகளாவது சோதனைக்குப் பின் புரளி என்று அறிவிக்கப்படுகின்றன. அரசின் எச்சரிக்கைக்கு அந்த மரியாதைகூட இல்லை.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஒவ்வோர் எச்சரிக்கையும் எந்த இடத்துக்கு, எந்த நாள் வரை என்று குறித்து வெளியிடப்பட வேண்டும். அந்த நாள் கடந்ததும் அது விலக்கப்பட்டது என்பதை, அறிவித்த அதே அதிகாரி அறிவிக்க வேண்டும். மூலத்தைக் காட்டாமலேயே, தகவல் மெய்யா பிழையா என்ற அளவிலேனும் ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்கப்பட வேண்டும். அதுவரை, ராஜகோபுர வாயிலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத் தீபம் பார்க்கச் செல்லும் மக்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் தகுதி இல்லை.