பான்ஜோவின் ஆபிரிக்க வேர்களும் நமது உரிமை கோரலும்

பாடசாலைக் காலத்தில் ஆங்கிலப் பாட வேளையில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பாட்டுகளுள் 'ஓ சூசன்னா'வும் ஒன்று. மேசையில் தாளம் தட்டி வகுப்பே சேர்ந்து பாடும். பான்ஜோ என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அந்தப் பாட்டில்தான். அது என்னவென்று கேட்டபோது, வெள்ளைக்காரர் வாசிக்கும் ஒருவகைக் கிற்றார் என்று ஆசிரியர் சொன்னார். அந்தப் பதிலோடு நெடுங்காலம் இருந்துவிட்டேன். பின்னர்தான் இரண்டு விடயங்கள் தெரியவந்தன. 1848இல் ஸ்டீஃபன் ஃபொஸ்டர் வெளியிட்ட அந்தப் பாட்டு, கறுப்பினத்தவரின் பேச்சைக் கொச்சைப்படுத்திப் போலி செய்யும் மொழியில் எழுதப்பட்டது. அவர்கள் நூற்றுக்கணக்கில் செத்துப்போவதை வேடிக்கையாகச் சொல்லும் அடி ஒன்றும் அதன் மூல வடிவில் இருந்தது. நாங்கள் படித்த புத்தகத்தில் அது இல்லை. மற்ற விடயம், பான்ஜோ வெள்ளைக்காரரின் வாத்தியமே அல்ல என்பது.

பான்ஜோவின் பூர்வீகம் பற்றியும் அமெரிக்க நாட்டார் இசையின் ஆபிரிக்க வேர்கள் பற்றியும் எழுதப்பட்டவற்றை அன்றிலிருந்து தேடி வாசித்து வருகிறேன். அவற்றுள் இரண்டு நூல்களை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஒன்று, அமெரிக்கக் கண்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்க முஸ்லிம்கள் பற்றி சில்வியான் டியூஃப் எழுதிய 'அல்லாஹ்வின் அடியார்கள்' (1998). மற்றது, லோரன் டுபுவாவின் 'பான்ஜோ: அமெரிக்காவின் ஆபிரிக்க வாத்தியம்' (2016). இரண்டும் நம்மவர்கள் வாசிக்கவேண்டிய நூல்கள் என்பதில் ஐயமில்லை. எப்படி வாசிக்கப்போகிறோம் என்பதே என் கவலை. ஏனெனில், "அமெரிக்காவின் புளூஸ் இசை நமது பாங்கிலிருந்து பிறந்தது" என்று இலக்கிய நண்பர்கள் சிலர் என்னிடமே பெருமையோடு சொல்லியிருக்கிறார்கள். டியூஃப் எழுதிய பெரிய நூலில் இந்த ஒரு வாக்கியம் மட்டுமே நம்மிடையே பயணம் செய்கிறதோ என்று தோன்றுகிறது.

முதலில் பறிகொடுத்த கதையைச் சொல்லவேண்டும். 1687இல் ஜமைக்காவுக்குச் சென்ற வைத்தியர் ஹான்ஸ் ஸ்லோன், அங்கு அடிமைகள் வாசித்த வாத்தியங்களைக் கண்டார். சிறு சுரைக்குடுவைகளில் கழுத்துப் பொருத்தி, குதிரை மயிரைத் தந்தியாகக் கட்டிய வாத்தியங்கள் அவை. 1707இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் படத்தோடு பதிவு செய்தார். 1780களில் தோமஸ் ஜெஃபர்சன் வேர்ஜீனியா பற்றி எழுதிய நூலின் அடிக்குறிப்பொன்றில், இது ஆபிரிக்கர் தம்மோடு கொண்டுவந்த வாத்தியம் என்று எழுதினார். அவரே பெருந்தொகை அடிமைகளின் எஜமானர். அதே காலப்பகுதியில் தென் கரோலினாவில் வரையப்பட்டு, இன்று 'பழைய பெருந்தோட்டம்' என்று அறியப்படும் நீர்வர்ண ஓவியமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜோன் ரோஸ் என்ற தோட்ட உரிமையாளர் வரைந்தது என்று கருதப்படுகிறது. அதில் கறுப்பு மனிதர் ஒருவர் சுரைக்குடுவைப் பான்ஜோவை வாசித்துக்கொண்டிருக்கிறார். நான்கு தந்திகள். அவற்றுள் ஒன்று, பெருவிரலால் தொடும் குறுந்தந்தி. ஆக, பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வாத்தியம் யாருடையது என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எஜமானர்களுக்கும் கூட.

சந்தேகம் பிறகே உருவாக்கப்பட்டது. வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளையர் கறுப்பினத்தவரிடம் பான்ஜோ கற்று, முகத்தில் கரி பூசிக்கொண்டு 1830களில் மேடையேறினார். 1843இல் நியூயோர்க்கில் 'வேர்ஜீனியா மின்ஸ்ரல்ஸ்' என்ற நால்வர் குழு அந்தக் கேலிக்கூத்தை முழுநேர நிகழ்ச்சியாக்கியது. 1840களிலேயே பால்ரிமோரில் வில்லியம் பௌச்சர் போன்றோர் பான்ஜோவைப் பட்டறையில் செய்து விற்கத் தொடங்கினர். சுரைக்குடுவை போய் மரவளையம் வந்தது. தோலை இறுக்க ஆணிகள் வந்தன. பின்னர், ஐந்தாவது தந்தியாகிய அந்தக் குறுந்தந்தியைக் கண்டுபிடித்தவரே ஸ்வீனிதான் என்ற கதையும் வந்து சேர்ந்தது. ஸ்வீனி பிறந்தது 1810இல். ஓவியத்தில் உள்ள குறுந்தந்தி அவருக்கு இருபது வருடங்களாவது மூத்தது.

கேலியைப் பொறுத்துக்கொண்டு எவ்வளவு காலம் ஒரு வாத்தியத்தைக் கையில் வைத்திருக்க முடியும்? கறுப்பினத்தவர் பலர் மெல்ல மெல்ல அதைக் கைவிட்டதற்கு இந்த அவமானமும் ஒரு காரணம். கிற்றாரின் வருகையும் நகரங்களை நோக்கிய இடப்பெயர்வும் மற்றக் காரணங்கள். 1920களில் இசைத்தட்டுக் கம்பனிகள் மீதி வேலையைச் செய்து முடித்தன. தெற்கின் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பாட்டுகளை, ஒரே வாத்தியங்களில், பல இடங்களில் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றே பாடி வந்தார்கள். கம்பனிகளோ கறுப்பருக்கு ஒரு பட்டியல், மலைநாட்டு வெள்ளையருக்கு வேறொரு பட்டியல் என்று பிரித்து விற்றன. பான்ஜோவும் பிடிலும் இரண்டாம் பட்டியலுக்குரியவை ஆகின. கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது உடன்சென்று மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்புக் கலைஞர். கார்ட்டர் குடும்பத்தின் பெயர் அமெரிக்க நாட்டார் இசையின் அத்திவாரக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரிடிலின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டியூஃபின் நூல் பெறுமதி பெறுவது இந்தப் பின்னணியில்தான். செனகாம்பியா, மாலி ஆகிய பகுதிகளிலிருந்து பிடிக்கப்பட்டவர்களுள் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தனர் என்பதையும், அவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தனர் என்பதையும் அவர் ஆவணங்களோடு நிறுவுகிறார். இசை பற்றி அவர் சொல்வது இதுதான். சாஹேல் பிரதேசத்து மக்கள் தந்தி வாத்தியங்களில் தேர்ந்தவர்கள். ஒற்றைக்குரலில் இழுத்து, நெளித்துப் பாடுபவர்கள். 1739இல் தென் கரோலினாவில் நடந்த ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பிறகு வந்த 1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு மேளத்தைத் தடைசெய்தது. அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் அதே சட்டம் தடைசெய்தது. மேளம் அடங்கிய இடத்தில் தந்தியும் தனிக்குரலும் தப்பிப் பிழைத்தன. மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் 1940களின் இறுதியில் அலன் லோமக்ஸ் ஒலிப்பதிவு செய்த 'லெவி கேம்ப் ஹொலர்' என்ற கூவற்பாட்டையும் பாங்கையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, இரண்டிலும் குரல் நீண்டு நெளியும் விதத்தை டியூஃப் தமது விரிவுரைகளில் காட்டினார்.

நானும் அவ்வாறு கேட்டுப்பார்த்தேன். மெய்சிலிர்த்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சுபஹு வேளையில் தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து வரும் குரலை அந்தக் கைதியின் குரலில் கேட்பதற்கு நமது காதுகளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் மெய்சிலிர்ப்பு ஒரு சான்றாகாது. அந்தக் கைதிக்கும் சாஹேலிலிருந்து கப்பலேறிய அவரது முன்னோருக்கும் இடையே நீண்டகால மௌனம் இருக்கிறது. மேலும், அந்த நெளிவு பள்ளிவாசலிலிருந்து மட்டுமே வந்தது என்று எப்படிச் சொல்வது? வயல் வேலையிலும் மேய்ச்சல் நிலத்திலும் பாடிய குரல்கள் சாஹேலில் இல்லையா? 'ஆபிரிக்காவும் புளூஸும்' (1999) எழுதிய கெர்ஹாட் கூபிக்கும் அரபு-இஸ்லாமியச் சாயல் படிந்த சாஹேல் பிரதேசத்தையே புளூஸின் முக்கிய ஊற்றாகக் காண்கிறார். ஆனால் அவர் பேசுவது ஒரு பிரதேசத்தின் பாடும் முறையைப் பற்றி. ஒரு மார்க்கத்தின் ஓசையை மட்டும் பற்றியல்ல.

பான்ஜோவுக்கு வரும்போது இந்த எச்சரிக்கை இன்னும் அவசியமாகிறது. மேளத்தடை அதன் வரவை விளக்காது. அந்தச் சட்டத்துக்கு ஐம்பது வருடங்களுக்கு முன்பே ஜமைக்காவில் ஸ்லோன் அதைக் கண்டுவிட்டார். அதன் மூதாதை எது என்று தேடியவர்கள் நீண்டகாலம் மண்டிங்கா, வொலொஃப் மக்களின் ந்கோனி, ஹலம் ஆகிய வாத்தியங்களையே சுட்டிக்காட்டி வந்தனர். அவை அரசவைப் பாணர்களாகிய கிரியோக்களின் வாத்தியங்கள். பரம்பரையாக அந்தக் குலத்தார் மட்டுமே வாசிப்பவை. முஸ்லிம் அரசுகளின் அரவணைப்பில் வளர்ந்தவை. நமக்கு இனிப்பான வம்சாவளி.

இந்த வம்சாவளியைக் கேள்விக்குட்படுத்தியவர் டானியேல் லேமுவாஹுமா ஜாட்டா என்ற கம்பியாக்காரர். ஜோலா இனத்தவர். 1970களில் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது பான்ஜோவைக் கேட்ட அவருக்குத் தன் தகப்பனார் வாசித்த அகொண்டிங் நினைவுக்கு வந்தது. ஊர் திரும்பி, அந்த வாத்தியத்தைக் கற்று, வருடக்கணக்காக ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பான்ஜோ ஆர்வலர்கள் கூடிய சபையொன்றில் அதைக் கொண்டுபோய் வைத்தார். சுரைக்குடுவை உடல், தோல் முகம், குடுவையை ஊடறுத்துச் செல்லும் நீண்ட கழுத்து, மூன்று தந்திகள், அவற்றுள் ஒன்று குறுந்தந்தி. எல்லாவற்றுக்கும் மேலாக வாசிக்கும் முறை. விரல் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, பெருவிரலால் குறுந்தந்தியைத் தொட்டு மீள்வது. அமெரிக்க மலைநாட்டின் பழைய பான்ஜோக்காரரின் கையசைவும் அதுவே.

அகொண்டிங்கை வாசிக்கக் குலம் தேவையில்லை. நெல் விதைக்கும் சாதாரண விவசாயிகள், வேலை முடிந்த மாலையில், பனங்கள்ளைச் சுற்றி அமர்ந்து வாசித்த வாத்தியம் அது. ஜோலா மக்களுள் இன்று முஸ்லிம்கள் ஏராளம். ஆனால் அவர்களுள் பெரும்பகுதியினர் இஸ்லாத்துக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகே. அதற்கு முன்னர் அயல் முஸ்லிம் தலைவர்களின் படையெடுப்புகளுக்கு ஆளானவர்கள் அவர்கள். அடிமை வியாபாரிகளுக்கு விற்கப்பட்டவர்கள். நமது பெருமைக்குள் இந்தக் கள்ளுக்கடை விவசாயிக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால், ஸ்வீனியின் பெயரால் கதை கட்டியவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் ஒரு மனிதனின் கையிலிருந்த வாத்தியத்துக்குத் தங்கள் பெயரைச் சூட்டினார்கள். நாமும் அதையே செய்யப் புறப்படுகிறோம்.

ஜாட்டாவின் கண்டுபிடிப்பையும் ஒற்றை விடையாகக் கொள்ள முடியாது. டுபுவாவின் நூல் உதவுவது இங்குதான். தட்டையான கழுத்தும் தந்தி முறுக்கும் முளைகளும் அகொண்டிங்கில் இல்லை. ஆரம்பகாலப் பான்ஜோவில் உண்டு. ஆபிரிக்காவின் எந்த ஓர் ஊரிலிருந்தும் முழுமையாக வந்திறங்காத, கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் புதிதாக உருவான வாத்தியம் இது என்கிறார் டுபுவா. வெவ்வேறு மொழி பேசியவர்கள், வெவ்வேறு தெய்வங்களை வணங்கியவர்கள், ஒரே லயனில் அடைக்கப்பட்டபோது எல்லாருக்கும் ஓரளவு பழக்கமான ஒன்றைச் சேர்ந்து செய்தார்கள். ஒவ்வொருவரும் அதில் தன் ஊரைக் கேட்டார். என் வாசிப்பில் இதுவே டுபுவாவின் மிக வலுவான வாதம். முஸ்லிம் கைதியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் தனியே இருக்கவில்லை.

இந்த மறதி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. நமது நாட்டில் கலியாண வீடுகளிலும் சுற்றுலா பஸ்களிலும் பைலா பாடாதவர் யார்? அதில் கலந்திருக்கும் ஆபிரிக்கத் தாளத்தின் சொந்தக்காரர்கள் புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் வாழ்கிறார்கள். கரண்டியையும் சிரட்டையையும் தட்டி 'மஞ்சா' பாடும் அந்தச் சிறு சமூகத்தை, அயலில் வாழும் நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

வட கரோலினாவின் பூன் நகரில் 2005இல் கறுப்புப் பான்ஜோக் கலைஞர்களின் ஒன்றுகூடல் நடந்தது. அங்கு சந்தித்துக்கொண்ட இளைஞர்கள் மூவர், அப்போது எண்பத்தைந்து வயதைக் கடந்திருந்த பிடில் கலைஞர் ஜோ தொம்சனிடம் சென்று கற்று, 'கரோலினா சொக்லட் ட்ரொப்ஸ்' என்ற குழுவை அமைத்தனர். அவர்களுள் ஒருவர் ரியானன் கிடன்ஸ். அவர் மைக்கல் ஏபல்ஸுடன் சேர்ந்து இசையமைத்த 'ஓமர்' என்ற இசைநாடகம் 2022இல் சார்ள்ஸ்ரனில் அரங்கேறி, 2023இல் புலிட்சர் பரிசு பெற்றது. நாடகத்தின் நாயகர் உமர் இப்னு சயீத். ஃபூத்தா தோரோவில் கற்றுத் தேர்ந்தவர். 1807இல் அதே சார்ள்ஸ்ரன் துறைமுகத்தில் விற்பனைக்கு இறக்கப்பட்டவர். 1831இல் தன் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அவர் கிறிஸ்தவராகிவிட்டார் என்று எஜமானரின் சுற்றத்தார் சொல்லிக்கொண்டார்கள். நாமோ அவரை நம்மவர் என்கிறோம். அவர் தன் வரலாற்றைத் தொடங்கியது சூரத்துல் முல்க்குடன். ஆட்சியும் உடைமையும் யாருக்குரியவை என்று பேசும் அத்தியாயம் அது. இன்னொருவனுக்கு உடைமையாக இருந்த மனிதர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த நாடகத்தை மேடையில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பான்ஜோவைத் திரும்பக் கையில் எடுத்த ஒரு கறுப்புப் பெண், தன் மார்க்கத்தவர் அல்லாத ஒரு முஸ்லிம் அடிமையின் கதையை அவரது பெயராலேயே பாடியிருக்கிறார் என்பது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நாம் ஜோலா விவசாயியின் பெயரைச் சொல்வதற்கு அவர் நம்மவராக இருந்தாக வேண்டியதில்லை. பாங்குக் கதையை இனி யாராவது என்னிடம் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. கூடவே அகொண்டிங்கையும் சொல்லுங்கள் என்றுதான் கேட்பேன்.