முதலாளி வராத நாடகம்

சிவகாசி வட்டாரத்தில் யார் கலைப் பட்டறை நடத்தினாலும் கடைசி நாள் ஒரு நாடகம் உண்டு. குடிகார அப்பன். அழுகிற அம்மா. புத்தகப்பையைப் பிடுங்கிக்கொண்டு, தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்துத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப்படும் பிள்ளை. ஒரு வெடிச்சத்தம். பிறகு கல்வியின் பெருமையைப் பாடிக்கொண்டு எல்லோரும் கைகோத்து நிற்பார்கள். நாரணாபுரத்தில் நான் பார்த்ததும் இதைத்தான். தன்னார்வ இளைஞர்கள் தங்கள் எதிர்காலத்தைக் கலைவழியே தேடுவதற்கான முகாம் என்று சொன்னார்கள். ஆடியவர்களில் பலர் சேரிப் பிள்ளைகள், கல்லூரிக்குப் போய்க்கொண்டே லீவு நாளில் குழாய் ஒட்டுகிறவர்கள். நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். அப்பனாக வந்த பையனின் தள்ளாட்டத்துக்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேரித் தகப்பனைக் குடிகாரனாகக் காட்டிச் சிரிக்க வைக்க, சேரிப் பிள்ளைக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்களே என்றுதான் உறுத்தியது.

இந்த நாடகத்தில் முதலாளி எங்கே? முன்பணம் எங்கே? உரிமம் ஒருவர் பேரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் எங்கே? சிவகாசியைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டச் சொன்னது. யாரை? வேலைக்கு வைத்தவரை. குடிகார அப்பனை அல்ல. கோர்ட்டுக்குத் தெரிந்த சங்கதி கலைக்குத் தெரியவில்லை என்றால் அது என்ன கலை? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40 பேர் வரை கருகிச் செத்தார்களே, அதற்கும் அப்பன்மார் குடிதான் காரணமா? மேடையில் வெடி வெடிக்கிறது. ஏன் வெடித்தது என்று கேட்க ஒரு பாத்திரம் இல்லை. சாதி என்ற சொல் முக்கால் மணி நேரத்தில் ஒருதரம்கூட வரவில்லை.

பயிற்சியாளர்கள் வாய்க்கு வாய் அகஸ்தோ போவால் பெயரைச் சொன்னார்கள். போவால் 1973இல் பெரு நாட்டு எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தவர். அங்கே ஏழைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். பதிலைப் படமாக எடுத்து வர வேண்டும். சுரண்டல் என்றால் என்ன என்பதற்கு ஒரு பிள்ளை எடுத்து வந்தது, சுவரில் அடித்த ஓர் ஆணி. பெரியவர்களுக்குப் புரியவில்லை. மற்ற பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஷூ பாலிஷ் போடும் பையன்கள், கனத்த பெட்டியைத் தினம் வீட்டுக்குச் சுமக்க முடியாமல் கடைச்சுவரில் மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஆணிக்கு வாடகை.

நாரணாபுரத்திலும் அந்த ஆணி இருந்தது. ஓவியத்துக்கென்று ஒதுக்கிய நாளில் ஒரு பெண், இரண்டாமாண்டு பி.காம். படிக்கிறவள், ஒரு நோட்டை வரைந்திருந்தாள். மூலை மடங்கின நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான். "என்னம்மா இது?" என்றேன். "அட்வான்சு நோட்டுண்ணே. எங்கம்மா பேருல. எனக்குக் காலேஜ் பீசு கட்டுனது பூராம் இதுலதான் கெடக்கு." கண்காட்சியில் அந்தப் படம் இல்லை. பட்டாம்பூச்சிகளும் பட்டமளிப்புத் தொப்பிகளும் இருந்தன. கேட்டதற்கு, "கொஞ்சம் நெகட்டிவா இருக்கு சார், எதிர்காலம்தானே தலைப்பு?" என்றார்கள். அந்த நோட்டைவிட எதிர்காலத்தைப் பற்றிப் பேசிய படம் அங்கே எது?

நம் பிள்ளைகளுக்கு நடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இதே மாவட்டத்துக்காரரான பாமா, 1992இல் வந்த 'கருக்கு' நூலில் சேரிக் குழந்தைகளின் விளையாட்டைச் சொல்கிறார். ஒரு பிள்ளை நாயக்கர், மற்றதுகள் பண்ணையாள். அந்த விளையாட்டில் முதலாளி இருக்கிறார், சாதி இருக்கிறது. முகாமின் மதியச் சாப்பாட்டு வேளையில் நானும் இதைப் பார்த்தேன். ஒருவன் போர்மேன் ஆனான். "பேச்சு என்ன பேச்சு? கையி ஓடட்டும்." அதிகாரி சோதனைக்கு வருகிற நாளில் கூடுதல் ஆட்களை அறையிலிருந்து விரட்டுவதை ஒருத்தி செய்து காட்டினாள். "ஓடுங்கத்தா, மரத்தடிக்கு ஓடுங்க, ஐயா வர்றாக!" ஐந்து நிமிடம்தான். ஒத்திகை கிடையாது. பயிற்சியாளர்கள் அப்போது வேறு அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதையே வளர்த்து ஊர் மந்தையில் போடுங்கடா என்றேன். அப்பனாக நடித்தவன் யோசித்தான். "போடலாம்ணே. ஆனா போர்மேனு பக்கத்து ஊருதான். மறுநா வேலைக்குப் போகணும்ல?"