கந்தரோடையின் முருகைக்கல் தூபிகள்

யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில், பனைகளுக்கு நடுவே ஒரு திடல். அதில் நெருக்கமாகச் சின்னச் சின்னத் தூபிகள். அநுராதபுரத்துப் பெரிய தாதுகோபங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். இவற்றில் சிலவற்றைக் குனிந்துதான் பார்க்க முடியும். பல தூபிகளின் மேற்பாகம் பின்னாளில் சீரமைத்தது. ஆனால் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முருகைக்கல். கடலுயிர்கள் விட்டுப்போன நுண்துளைகள் அதில் அப்படியே இருக்கின்றன. சொரசொரப்பான அந்தக் கல்லை இவ்வளவு சீரான வளைவுக்குக் கொண்டுவந்த கைகளை வணங்கத் தோன்றுகிறது. 1917-ஐ ஒட்டி வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் இங்கே அகழ்ந்து எழுதினார். தமிழர் மண்ணில் பௌத்தத் தூபிகளா என்று வியக்க வேண்டாம்; தமிழரும் பௌத்தம் பேணியவர்கள் என்பது மணிமேகலைக் காப்பியம் படித்தவருக்குப் புதிதல்ல.

அங்கிருந்து மாதகல் பக்கம் சம்பில்துறை. வெள்ளரசுக் கிளையோடு அசோகரின் மகள் சங்கமித்தை கரையிறங்கியதாக மரபு சொல்லும் துறை. ஆரவாரமில்லாத கடல். வெயில் ஏறுமுன் கந்தரோடை, பொழுது சாயும்போது சம்பில்துறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.