தள்ளப்பட்டவரின் காப்பியம்

கொங்கு நாட்டில் குலமும் கூட்டமும் எத்துணை வலியவை என்பதை நாம் அறிவோம். உறவினரால் ஒதுக்கப்பட்ட ஒருவர் ஆறுதல் தேடி நம் பங்கு இல்லத்துக்கு வரும்போது, பெரும்பாலும் அறிவுரை கூறியே அனுப்பிவிடுகிறோம். அத்தகையோர் கையில் கொடுக்கத்தக்க நூலொன்று தமிழில் உண்டு. அது எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றி 1894-இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்'.

1827-இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் பிறந்த அவர், 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். சுற்றத்தையும் குலமதிப்பையும் இழக்கத் துணிந்தாலன்றி அக்காலத்தில் எவரும் அம்முடிவை எடுத்திருக்க இயலாது.

3,766 பாடல்கள் கொண்ட இக்காப்பியம், ஆங்கிலேயரான ஜான் பனியனின் உரைநடைக் கதையைத் தழுவியது. ஆயினும் ஆண்டவரின் திருப்பாடுகளை விரித்துப் பாடும் 'இரட்சணிய சரிதப் படலம்' கவிஞரே சேர்த்தது. நூலின் உயிர் அதுவே என்பது நம் துணிபு. துயருக்கு விளக்கம் தேடுவோர் முன், தம்மவராலேயே தள்ளப்பட்டவரை நிறுத்துகிறார் கவிஞர். இழந்ததைத் திரும்பப் பெறுவதன்று நிறைவு. அவரோடு உடன்நடப்பதே நிறைவு.

மற்றொன்றும் கருதத்தக்கது. கம்பனின் யாப்பையும் ஆழ்வார்களின் உருக்கத்தையும் அவர் கைவிடவில்லை. பிறந்த மரபை விட்டு வந்தவர், அதனை வெறுக்கவில்லை.

குறையும் உண்டு. வடசொற்செறிவும் நெடிய வருணனைகளும் இன்றைய வாசகரைக் களைப்புறச் செய்யும். ஆகவே முதற்பாடலிலிருந்து தொடங்க வேண்டா. தவக்காலத்தில் அந்த ஒரு படலத்தை மட்டும் எடுத்து வாசியுங்கள். கவிஞர் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர் என்பது நமக்குத் தடையாக வேண்டுவதில்லை. சிலுவை அனைவருக்கும் பொது.