95 டெசிபலும் 100 ஹெர்ட்ஸும்

டொயோட்டா ஜிஆர் 86 காரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், 228 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், மேனுவல் கியர்: எல்லாம் ஊரறிந்த சங்கதி. வளைவில் விட்டால் சொன்ன பேச்சைக் கேட்கும் கார். சத்தத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். கம்பெனி சைலன்சர் எஞ்சினை ஒரு கொரோலா அளவுக்கு அடக்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட, ஆக்டிவ் சவுண்ட் கன்ட்ரோல் என்ற பெயரில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர் வழியாகச் செயற்கை உறுமல் ஒன்று உள்ளே வருகிறது. எஞ்சின் சுபாருவுடையது, கார் உருவாவது ஜப்பானில் சுபாருவின் குன்மா தொழிற்சாலையில், முத்திரை டொயோட்டா. இத்தனை பேர் கைபட்ட ஸ்போர்ட்ஸ் காரில் அசல் சத்தத்துக்கு மட்டும் பஞ்சம்! ஸ்பீக்கர் உறுமலின் இணைப்பைப் பிடுங்கிவிட்டால் பொய் போய்விடும். ஆனால் மிஞ்சுவது மௌனம். ஆகவே கேட்-பேக் எக்ஸாஸ்ட்.

நான் இருப்பது சான் ஹோசேவில். கலிஃபோர்னியாவில் எக்ஸாஸ்ட் மாற்றுகிறவர் முதலில் காருக்கு அடியில் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் வரைக்கும் அரசாங்கத்தின் ராஜ்ஜியம். அதற்குப் பின்னால் உள்ள குழாயும் மஃப்ளரும்தான் நம் இஷ்டம். அந்தப் பின்பகுதி செட்டைத்தான் கேட்-பேக் என்கிறார்கள். இதற்கு மாநிலக் காற்று வள வாரியமான 'கார்ப்' தரும் எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் எண் தேவையில்லை. எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த்தொகுப்பான ஹெட்டரில் கை வைத்தால் தேவை, ஏனென்றால் இந்தக் காரின் முதல் கன்வர்ட்டர் ஹெட்டரோடு ஒட்டியே இருக்கிறது. பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் 'டுபுடுபு'வுக்கு ஆசைப்பட்டு, நீளம் சமமில்லாத ஹெட்டரை வரவழைத்துப் பூட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எண் இல்லாத ஹெட்டர், ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனையில் கண்ணால் பார்க்கும் கட்டத்திலேயே விழுந்துவிடும். கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, செக் எஞ்சின் விளக்கு எரியாதபடி கம்ப்யூட்டரை ட்யூன் செய்கிற வித்தையும் 2021 ஜூலைக்குப் பிறகு செல்லாது. மென்பொருளையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். புதுக் காருக்கு முதல் எட்டு வருஷம் ஸ்மாக் செக் கிடையாதே என்று கண்ணடிக்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மாநிலத்தின் சோதனை நடுவரான ஸ்டேட் ரெஃப்ரீயிடம் அனுப்ப, போலீஸ்காரர் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

'இத்தனை குதிரைத்திறன் கூடும்' என்று கேட்-பேக் பெட்டியில் போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். மூச்சைப் பிடித்து வைத்திருப்பது முன்னால் இருக்கும் கன்வர்ட்டர்கள். பின்னால் குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் இருக்கையில் உணரும்படி எதுவும் கூடாது. இது முழுக்க முழுக்கக் காதுக்கான செலவு. விலை ஆயிரம் டாலரிலிருந்து இரண்டாயிரம் வரை. டைட்டானியம் என்றால் அதற்கும் மேலே. டைட்டானியத்தைத் தூக்கிப் பார்த்தால் எடை வித்தியாசம் கையிலேயே தெரியும், உண்மை. ஆனால் சத்தம் கொஞ்சம் தகரத்தனமாக இருக்கும். முனையில் நீலமும் ஊதாவுமாகக் கருக்கிவிட்ட அலங்காரக் குழாய்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட்டுகிறவருக்குக் கடைசிவரை தெரியாத ஓர் இடத்தில் எதற்கு ஐயா இத்தனை ஒப்பனை? பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவாத எங்கள் பக்கத்துக்கு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாராளம்.

சத்தத்துக்கான சட்டம் வேறு. மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டுக்குக் குறைவான கார்களுக்கு உச்ச வரம்பு 95 டெசிபல். காரை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் எஞ்சினை உறுமவிட்டு, குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி மைக்கை வைத்து அளப்பார்கள். ஆனால் ரோட்டில் மறிக்கும் அதிகாரியிடம் அந்த மீட்டர் இருப்பது அபூர்வம். 'அளவுக்கு மீறிய, வழக்கத்துக்கு மாறான சத்தம்' கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அது எது என்பதை அவர் காதுதான் முடிவு செய்யும். ரிமோட் பொத்தானை அழுத்தினால் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நேரே வெளியே திறக்கும் வால்வு மாடல்களைக் கடைக்காரர்கள் ஆசையாகக் காட்டுவார்கள். மஃப்ளரைத் தவிர்க்கும் எந்தக் கட்-அவுட்டும் பைபாஸும் எக்ஸாஸ்டில் இருக்கவே கூடாது என்று வாகனச் சட்டத்தின் 27150-வது பிரிவு சொல்கிறது. மூடி வைத்திருந்தேன் என்பது வாதமாகாது.

அதனால் வால்வு இல்லாத, அகலமான, ஸ்டெயின்லெஸ் கேட்-பேக் ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம், பிரபலமானதுதான். 95-க்குள் அடங்கும் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. மாட்டிய பிறகு அளந்து பார்த்ததிலும் அடங்கியது.

முதல் சில வாரங்கள் சொர்க்கம். வுட்சைடிலிருந்து 84-ம் நெடுஞ்சாலையில் ஏறி, ரெட்வுட் மரங்களுக்கு நடுவே ஸ்கைலைன் சாலைக்குப் போகும் வழியில் இரண்டாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டு எழும் அந்தச் சத்தம் 7,000-ஐ நெருங்க நெருங்க இறுகி ஒரே இழையாகிவிடும். கியரைக் குறைக்கும்போது லேசாக ஒரு வெடிப்பு. இதைத்தானே அந்த ஸ்பீக்கர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது! மீட்டரைப் பார்க்காமலே எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று காது சொல்லிவிடுகிறது.

காலை நேரம்தான் சங்கடம். குளிர்ந்த கன்வர்ட்டர் வேலை செய்யாது. அது சூடானால்தான் புகை சுத்தமாகும். அதைச் சீக்கிரம் சூடேற்றுவதற்காக, ஸ்டார்ட் செய்ததும் கம்ப்யூட்டர் எஞ்சின் வேகத்தை உயர்த்தி, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, வெந்நெருப்பாகக் கழிவு வாயுவைத் தள்ளுகிறது. கம்பெனி சைலன்சரில் இது கேட்காது. புது எக்ஸாஸ்டில் பார்க்கிங் முழுக்கக் கேட்கும். விடிகாலையில் அக்கம்பக்கத்தை எழுப்புவது உங்கள் ஆசை மட்டுமல்ல, காற்றைச் சுத்தமாக வைக்கும் விதியும்தான். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்றாலும், எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகுவதற்கு அதுவே போதும். இப்போதெல்லாம் ஸ்டார்ட் செய்தவுடன் மெதுவாக உருட்டி வெளியே போய்விடுகிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஐ-5.

லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்களுக்குத் தெரியும். மத்தியப் பள்ளத்தாக்கில் நூல் பிடித்தாற்போல் போகும் சாலை, 70 மைல் வேகம், ஆறாவது கியர், மணிக்கணக்கில் திருப்பமே கிடையாது. அந்த வேகத்தில் ஜிஆர் 86-இன் எஞ்சின் ஏறக்குறைய 3,000 சுற்றில் நிற்கும். சரியாக அந்த இடத்தில் புது எக்ஸாஸ்ட் 'ஊம்ம்ம்' என்று ஓர் அடித்தொண்டை இரைச்சலை ஆரம்பித்தது. காதில் விழுவதைவிடப் பிடரியில் உட்காரும் சத்தம். பாட்டைக் கூட்டினாலும் மறையாது, ஜன்னலைத் திறந்தாலும் போகாது. கலபாஸஸ் பக்கம் இருக்கும் மலிபு வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அம்மா கோலிங்கா தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏன் கண்ணு, இந்தக் கார் எந்நேரமும் இப்படித்தான் காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி கத்துமா?"

கத்தும். காரணம் எளிய கணக்கு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ். அதே அலைவரிசையில் குழாயும் காரின் உட்கூடும் சேர்ந்து அதிர்ந்தால் இரைச்சல் பெருகுகிறது. இதில் எனக்கு எரிச்சல் தருவது, 95 டெசிபல் அளவீட்டில் இது ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவதுதான். சட்டம் கேட்பது 'ஏ' எடையிட்ட டெசிபல். மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை மங்கலாகக் கேட்கும் என்பதால், அந்த முறையில் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறக்குறைய 19 டெசிபல் தள்ளுபடி. போதாததற்கு, சோதனை நடப்பது நியூட்ரலில். காரை இழுக்கும் சுமை எஞ்சினுக்கு இல்லை. ஆறாவது கியரில் லேசாக மிதித்தபடி மேட்டில் ஏறும்போது எழும் முனகல் அந்தச் சோதனைக்குள் வரவே வராது.

யூடியூப் வீடியோக்களும் இந்த விஷயத்தில் செவிடு. எக்ஸாஸ்ட் வாங்குகிறவர்கள் எல்லோரும் மணிக்கணக்கில் பார்ப்பது அதைத்தான். காருக்குப் பின்னால் குனிந்து ஒருவர் படம் பிடிப்பார், உள்ளே ஒருவர் மிதிப்பார், கீழே 'வேற லெவல்' என்று நூறு பேர் எழுதுவார்கள். போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் உருப்படியாகக் கேட்காது. மீட்டருக்கும் தெரியாமல் போனுக்கும் தெரியாமல் ஓட்டுகிறவரின் மண்டைக்குள் மட்டும் ஓடும் சத்தத்தைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரி அச்சடிக்க இந்தக் கம்பெனிகளுக்கு மனசு வரவில்லை. '3,000 சுற்றில், காருக்குள், ஆறாவது கியரில் எப்படி இருக்கும்?' என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். வந்த பதிலில் '95 டெசிபலுக்கு உட்பட்டது' என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது.

வைத்தியம் இருக்கிறது, அதுவும் பழைய வைத்தியம். பிரதான குழாயின் பக்கவாட்டில், முனை அடைத்த ஒரு கிளைக் குழாயைப் பற்ற வைப்பது. உள்ளே போகும் ஒலி அடைத்த முனையில் மோதித் திரும்பி வரும்போது, கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், பிரதான குழாயில் வரும் ஒலிக்கு நேர் எதிராக நின்று அதைக் கரைத்துவிடும். சூடான கழிவு வாயுவில் ஒலி விநாடிக்கு 450, 500 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், 100 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அந்த நீளத்துக்குக் காருக்கு அடியில் இடம் தேடுவதுதான் பாடு. ஏடபிள்யூஈ போன்ற சில கம்பெனிகள் இந்தத் தத்துவத்தை ரெசனேட்டர் என்ற ஒலி அறைக்குள்ளேயே அடக்கித் தருகின்றன. எனக்கு உள்ளூர் மஃப்ளர் கடை ஒன்றில், பின் அச்சுக்கு முன்னால் வளைத்து மடக்கிப் பற்ற வைத்துக் கொடுத்தார்கள். கன்வர்ட்டருக்குப் பின்னால் நடந்த வேலை என்பதால் ஸ்மாக் செக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

70 மைல் வேகத்தில் இரைச்சல் அடங்கிவிட்டது. முழுக்க என்று சொல்ல மாட்டேன். 60-இல் ஒரு மிச்சம் இருக்கிறது, ஏனென்றால் கிளைக் குழாய் ஒரு குறுகிய அலைவரிசையைத்தான் பிடிக்கும். மலைச்சாலையில் 4,000-க்கு மேல் வரும் குரலுக்கு ஒரு குறையும் இல்லை. ஐ-5-இல் இப்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

எக்ஸாஸ்ட் நல்லது, அதை விற்கிற விதம் மோசம். இரைச்சலை அடக்கும் அறை உள்ளேயே இல்லாத கேட்-பேக்குக்கு இந்த விலை அதிகம். வாங்க நினைப்பவர்கள் 95 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அதே செட் மாட்டிய கார் யாரிடமாவது இருந்தால், நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் 3,000 சுற்றில் ஒரு கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போடாமல் கராஜில் ஓரமாக வையுங்கள்; காரை விற்கப் போகும் நாளில் வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.