சேர்த்து வைக்காத கை

இஎஸ்பி8266 சில்லுக்காக எழுதிய நிரல் ஏதாவது கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: சர்வர் அனுப்பும் பதிலை இவர் எங்கே போட்டு வைக்கிறார்? ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் செய்த இந்த மலிவான வைஃபை சில்லில் தரவுக்கென்று இருக்கும் ரேம் சுமார் 80 கேபி. வைஃபை ஓடத் தொடங்கிய பின் மிஞ்சுவது அதிலும் குறைவு. பலர் ஒரு ஸ்ட்ரிங்கைத் திறந்து, வருகிற எழுத்தையெல்லாம் அதன் வாலில் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஓடும், மேசை மேல் இருக்கும்வரை நன்றாகவே ஓடும். நாள்பட நினைவகம் துண்டு துண்டாகிவிடும். மொத்தத்தில் இடம் இருக்கும், சேர்ந்தாற்போல் இருக்காது. ஒரு நள்ளிரவில் சாதனம் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

தேர்ந்த கை எதையும் சேர்த்து வைக்காது. வந்த பைட்டைப் பார்க்கும், நிலையைக் குறிக்கும் ஓர் எண்ணை மாற்றிக்கொள்ளும், பைட்டை விட்டுவிடும். தாளம் போடுகிறவர் இதுவரை வாசித்த சொற்கட்டையெல்லாமா நினைவில் வைத்திருக்கிறார்? எந்த அட்சரத்தில் நிற்கிறோம் என்பது தெரிந்தால் போதும். நோட்.ஜேஎஸ் பல ஆண்டுகள் பயன்படுத்திய ஹெச்டிடிபி-பார்சர் இந்த வகையில் என் அபிமானப் படைப்பு. ஓர் இணைப்புக்குச் சுமார் 40 பைட்தான் கேட்கும். தானாக நினைவகம் ஒதுக்காது. எந்த பைட்டில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெரிய சர்வர்களை மனதில் வைத்து எழுதியதுதான். ஆனால் எஸ்பிரெசிஃப் தன் மென்பொருள் தொகுப்பில் இதையே சேர்த்துக்கொண்டது.

இந்தக் கையின் தரத்தைச் சோதிக்க 'சங்க்' முறை நல்ல இடம். மொத்த நீளம் தெரியாதபோது ஹெச்டிடிபி 1.1 பதிலைத் துண்டுகளாக அனுப்பும்: முதலில் துண்டின் அளவு பதினறும எண்ணில், ஒரு வரி முடிவு, பிறகு அத்தனை பைட்டுகள், கடைசியில் ஒரு சுழியம். அந்த அளவின் முதல் இலக்கம் ஒரு பாக்கெட்டிலும் மிச்சம் அடுத்ததிலும் வந்தால்? கற்றுக்குட்டி நிரல் இங்கேதான் சறுக்கும். நிலையை மட்டும் வைத்திருக்கும் நிரலுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

தரவை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் வந்தவுடன் இந்த அழகு கொஞ்சம் குலைகிறது. மறையாக்கிய ஒரு ரெக்கார்டு 16 கேபி வரை நீளலாம். அது கலப்படமற்றது என்று சொல்லும் முத்திரை அதன் கடைசியில்தான் இருக்கிறது. முத்திரையைப் பார்க்காமல் ஒரு பைட்டையும் நம்பக்கூடாது. ஆகவே முழுசையும் பிடித்து வைத்தே ஆகவேண்டும். 'எனக்கு 512 பைட்டுக்கு மேல் அனுப்பாதே' என்று கேட்கவும் வழி உண்டு. எல்லாச் சர்வர்களும் அதைச் சட்டை செய்வதில்லை. இந்த நெருக்கடியிலும் தாமஸ் போர்னின் எழுதிய பேர்எஸ்எஸ்எல் என்ற டிஎல்எஸ் நூலகம், ஓடும்போது நினைவகம் ஒதுக்கித் தரும் மல்லாக்கை ஒருமுறைகூட அழைக்காமல் காலம் தள்ளுகிறது. பிடிவாதம் என்றாலும் ரசிக்கத்தக்க பிடிவாதம்.

ஆனால் உச்சம் என்று நான் சொல்வது ஸ்வீடனின் ஆடம் டங்கல்ஸ் எழுதிய யுஐபியைத்தான். 8 பிட் சில்லுகளுக்கான முழு டிசிபி/ஐபி அது. அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 2003-இல் வந்தது. வருவதற்கும் போவதற்கும் சேர்த்து ஒரே ஒரு பாக்கெட் பஃபர். அப்படியானால், அனுப்பிய பாக்கெட் வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்ப நகல் எங்கே? நகலே கிடையாது. 'போனது தொலைந்துவிட்டது, திரும்ப உண்டாக்கிக் கொடு' என்று மேலே இருக்கும் நிரலையே கேட்கிறது. வலைப்பக்கம் படிக்க மட்டுமேயான ரோம் நினைவகத்தில் எழுதப்பட்டிருந்தால் எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற கணக்கு ஒன்றே போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு பாக்கெட்டுக்கு ஒப்புதல் வந்த பின்பே அடுத்தது போகும். எதிர்முனைக் கணினியோ இரண்டாவது பாக்கெட்டும் வரட்டும், சேர்த்து ஒப்புதல் தரலாம் என்று 200 மில்லிநொடிபோலக் காத்திருக்கும். நொடிக்கு ஐந்து பாக்கெட்டுக்கு மேல் நகராது. இதற்கு டங்கல்ஸ் இணைத்த சின்ன நிரலில் ஒரு குறும்பு இருக்கிறது. முழு நீளப் பாக்கெட்டை அது இரண்டாக வெட்டி அடுத்தடுத்து அனுப்பிவிடும். எதிர்முனை இரண்டு வந்துவிட்டதென்று எண்ணி உடனே ஒப்புதல் தரும்.